ஃபீட்பேக் ஃபார்மில் எல்லாரும் 5 போடுகிறார்கள், இதை வைத்து என்ன செய்வது?

வேலந்தாவளம்காரி:

கேரளத்தில், கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு கல்லூரியில் மூன்று வருடமாக கெஸ்ட் லெக்சரர், பாடம் பொருளாதாரம். கல்லூரிப் பெயர் வேண்டாம், அடுத்த வருட வேலை ஆர்டர் இன்னும் கைக்கு வரவில்லை. போன மாதம் ஐக்யூஏசி (கல்லூரியின் உள் தரக் குழு) கூட்டத்தில் "டீச்சருக்குத்தான் கம்ப்யூட்டர் நல்லா வருமே" என்று சொல்லி மாணவர் கருத்துக்கணிப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். கூகுள் ஃபார்ம், 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. ஆங்கிலத்தில் கேள்வி, கீழே மலையாளம்.

212 பதில் வந்தது. திறந்தால் வரிசையாக 5, 5, 5, நடுவில் யாரோ கை தவறிப் போட்ட 4. பிரின்சிபாலுக்கு சந்தோஷம், பை சார்ட் போட்டு ஃபைலில் வைக்கச் சொன்னார். எனக்குத்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. சரி, பதில் வந்த நேரத்தைப் பார்ப்போம் என்று பார்த்தேன். பி.காம். இரண்டாம் வருடத்தின் 38 பதில்களும் மதியம் 2.14-க்குத் தொடங்கி 2.31-க்கு முடிகின்றன, 'பிற கருத்துகள்' கட்டத்தில் பதினாறு பேர் ஒரே வார்த்தையை ஒரே எழுத்துப் பிழையோடு எழுதியிருக்கிறார்கள். கிளாஸ் ரெப்பைக் கூப்பிட்டுக் கேட்டேன். கேண்டீனில் உட்கார்ந்து ஒரே போனில் எல்லாருக்கும் அவனே போட்டிருக்கிறான். "எல்லாரும் போட்டாத்தான் ஹால் டிக்கெட்னு சொன்னாங்க டீச்சர், பாதிப் பேரு போன்ல நெட்டே இல்ல" என்றான். திட்டவும் மனசு வரவில்லை.

இன்னொன்று. எங்களிடம் எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கத்திலிருந்து தமிழ் மீடியம் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் நிறைய. அதில் ஒரு பெண் போனை எடுத்துக்கொண்டு என்னிடமே வந்து "மிஸ், 'இன்டேர்ணல் மூல்யநிர்ணயம்'னா என்ன?" என்று கேட்டாள். இன்டர்னல் மார்க் நியாயமா போடறாங்களான்னு கேக்குது என்று சொன்னேன். ஒரு நொடி யோசித்தாள். "அப்ப 5 போட்டுக்கறேன் மிஸ். மார்க் இனிமேதான போடப் போறாங்க" என்றாள்.

2024-ல் நான்கு வருட டிகிரி வந்ததிலிருந்து எங்களுக்கே எல்லாம் புதிது, பிள்ளைகளுக்கு எங்கே இடறுகிறது என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஆபீஸுக்காக இல்லாமல் என் வகுப்புக்கு மட்டும் நானாக ஒன்று கேட்டுப் பார்க்கலாமா என்று நினைக்கிறேன். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது? அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி சந்தை:

மேடம், நாக்குக்கு ருசி வேறு, உடம்புக்கு வேண்டியது வேறு. கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் (NAAC) கமிட்டியைத்தான் சொல்கிறேன். 2017-ல் அவர்கள் மதிப்பீட்டு முறையை மாற்றியபோது மாணவர் திருப்திக் கணிப்பு என்று ஒன்றை உள்ளே கொண்டுவந்தார்கள். அந்த முறைப்படி, கல்லூரி கொடுக்கும் மாணவர் பட்டியலை வைத்து அவர்களே நேரடியாகப் பிள்ளைகளுக்கு மெயில் அனுப்புவார்கள். 20 கேள்வி டிக் அடிப்பது, 21-ஆவது மட்டும் சொந்தமாக எழுதுவது. கல்லூரி என்றால் மொத்த மாணவரில் 10 சதவீதம் அல்லது 100 பேர், எது குறைவோ அத்தனை பதில் வந்தால் போதும். உங்கள் 20 கேள்வி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்குமே. நாடு முழுக்கப் பல கல்லூரிகள் அதையே காப்பி அடித்து உள்ளூர் ஒத்திகை நடத்துகின்றன. எங்கள் ஊரில் ஒரு கல்லூரியில் மெயில் வந்தால் எப்படி டிக் அடிப்பது என்று தனி பீரியடே போட்டார்கள்.

அந்த 20-ஐயும் ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். சிலபஸ் எவ்வளவு முடிந்தது என்ற கேள்விக்கு 85 முதல் 100 சதவீதம், 70 முதல் 84 என்று அளவாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பையன் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் போடுகிறான். 'ஆசிரியரின் அணுகுமுறை எப்படி' என்று கேட்டால் யோசிக்கவே மாட்டான்.

நான் முன்பு இருந்த இடத்தில் இந்த மார்க்கை எடுத்துக்கொண்டு கடைசி மூன்று பேரை ஆபீஸுக்குக் கூப்பிடுவார்கள். அடுத்த வருடமே எல்லாரும் பிழைக்கக் கற்றுக்கொண்டார்கள். ஃபீட்பேக் வாரம் வந்தால் இம்பார்ட்டன்ட் கேள்விகள் தாராளமாகக் கிடைக்கும், ஒருவர் வகுப்புக்கே பஃப்ஸ் வாங்கிக் கொடுத்தார். முட்டை பஃப்ஸ்.

கோபாலபுரம் எண்பித்தன்:

சொந்த ஊர் கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம், இப்போது பெங்களூரில் டேட்டா வேலை. பஃப்ஸ் கதைக்கு ஆராய்ச்சியே இருக்கிறது சார். அமெரிக்க விமானப்படை அகாடமியில் மாணவர்களைக் குலுக்கல் மாதிரி பிரித்துத்தான் ஆசிரியருக்கு ஒதுக்குவார்கள், எல்லாருக்கும் ஒரே பரீட்சை, அதனால் ஒப்பிட வசதி. கேரல், வெஸ்ட் என்ற இரண்டு பொருளாதார வல்லுநர்கள் அந்தக் கணக்கை எடுத்துப் பார்த்து 2010-ல் கட்டுரை போட்டார்கள். முதல் கால்குலஸ் பாடத்தில் நல்ல பெயர் வாங்கிய ஆசிரியரின் பிள்ளைகள் அந்தப் பரீட்சையில் நன்றாக எழுதினார்கள், ஆனால் அதன் மேல் கட்டிய அடுத்த பாடங்களில் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். 2017-ல் உட்டில் குழு பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டிக் கணக்குப் போட்டு, மாணவர் போடும் மார்க்குக்கும் மாணவர் கற்றதற்கும் தொடர்பே இல்லாத அளவுக்குத்தான் இருக்கிறது என்றது. இன்னொன்று 2015-ல், சின்ன ஆய்வுதான். ஆன்லைன் வகுப்பில் ஒரே ஆசிரியர் ஒரு பிரிவுக்கு ஆண் பெயரிலும் இன்னொரு பிரிவுக்குப் பெண் பெயரிலும் வந்தார், ஆண் பெயருக்கு மார்க் கூடுதலாக விழுந்தது. டொராண்டோவில் ரயர்சன் பல்கலைக்கழக வழக்கில், பதவி உயர்வுக்குக் கற்பிக்கும் திறனை அளக்க இந்த மார்க்கைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018-ல் மத்தியஸ்தர் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

அதற்காக மாணவரைக் கேட்கவே வேண்டாம் என்று ஆகிவிடாது. அவருக்குத் தெரிந்ததைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். டீச்சருக்குப் பாடத்தில் புலமை இருக்கிறதா என்று முதல் வருடப் பையனுக்கு எப்படித் தெரியும்? அசைன்மென்ட் பேப்பர் திரும்பி வந்ததா, எத்தனை நாளில் வந்தது, அதில் மார்க் மட்டும் இருந்ததா இல்லை எங்கே தப்பு என்று எழுதியிருந்ததா, இது அவனுக்கு மட்டும்தான் தெரியும். இந்தியானா பல்கலைக்கழகத்திலிருந்து 2000-த்தில் தொடங்கிய என்எஸ்எஸ்இ (மாணவர் படிப்பில் எவ்வளவு ஈடுபடுகிறார் என்று பார்க்கும்) கணிப்பின் அடிப்படையே இதுதான். முதல் வருடத்தாரையும் கடைசி வருடத்தாரையும் பிடித்து, இந்த வருடம் வகுப்பில் எத்தனை தடவை கேள்வி கேட்டாய், படிக்க வேண்டியதைப் படிக்காமல் எத்தனை தடவை வந்தாய், ஆசிரியரிடம் வகுப்புக்கு வெளியே பாடத்தைப் பற்றிப் பேசினாயா என்றுதான் கேட்பார்கள். பதில் அடிக்கடி, எப்போதாவது, ஒருபோதும் இல்லை என்ற மாதிரி இருக்கும். இதில் யாரையும் புகழவும் முடியாது, திட்டவும் முடியாது. ஞாபகம் பிசகும், கொஞ்சம் கூட்டியும் சொல்வார்கள், அது உண்டு. ஆனாலும் 'ஒருபோதும் இல்லை' என்று வகுப்பில் முக்கால்வாசி டிக் விழுந்தால் நாளைக்கு என்ன மாற்ற வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். சராசரி 4.7 என்று வந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன மாற்றுவீர்கள்?

கடைசி பெஞ்ச் 3ஆம் வருஷம்:

நான் அந்த ஃபார்மை ஃபில் பண்ணும் பக்கத்து ஆள், உங்கள் கல்லூரி இல்லை மிஸ், பயப்படாதீர்கள். மேலே 'உங்கள் அடையாளம் ரகசியம்' என்று எழுதியிருக்கும், அதற்குக் கீழே முதல் கேள்வியே ரோல் நம்பர். இதற்கப்புறம் யார் உண்மை எழுதுவார்? போன வருடம் ஒரே ஒரு தடவை எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு லேடீஸ் டாய்லெட்டில் தண்ணீர் வருவதில்லை என்று எழுதினோம். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் வராததுகூடப் பரவாயில்லை, படித்தார்களா என்றாவது தெரிய வேண்டாமா. அதிலிருந்து எனக்கு எல்லாமே 5தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசாட்சி குத்துகிறது. எங்கள் வகுப்பில் ஒரு சாருக்கு மட்டும் எல்லாரும் 2, 3 என்று போட்டோம். பாவம், நன்றாகத்தான் எடுப்பார். அவருக்கு விழுந்தது வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். 3.40 பஸ்ஸை விட்டால் அடுத்தது 5.10, மழைக்காலத்தில் வீடு சேர்வதற்குள் இருட்டிவிடும். அவரோ மணி அடித்த பிறகும் 'ஒரே நிமிஷம்' என்று இழுப்பார். நாங்கள் மார்க் போட்டது பஸ்ஸுக்கு. அவர் பாடம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு பிபிடி எல்லாம் செய்துகொண்டு வர ஆரம்பித்துவிட்டார்.

பழைய சாக்பீஸ்:

இந்தத் தம்பி சொன்னதை அந்த சாரிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.

களியக்காவிளை பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் வாத்தியார் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். செமஸ்டர் முடிந்து கேட்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. சாப்பாடு முடிந்து கை கழுவின பிறகு உப்பு போதுமா என்று கேட்கிற மாதிரி. ஐந்தாவது வாரம் கேளுங்கள் அம்மா. அரைத் தாள், பெயர் வேண்டாம், நம்பர் வேண்டாம். இரண்டே கேள்வி, இந்த வாரம் எந்த இடத்தில் புரியாமல் போச்சு, நான் எதை மாற்றினால் உனக்கு உதவும். தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போய் நில்லுங்கள், ஒரு பிள்ளை வாங்கி அடுக்கி வைக்கட்டும். சின்ன வகுப்பு என்றால் கையெழுத்தே காட்டிக்கொடுக்கும், எனக்கு எல்லார் கையெழுத்தும் தெரியும், அதனால் பக்கத்து டிபார்ட்மென்ட் சாரிடம் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொல்வேன். அவர் தாளை நான் படிப்பேன்.

முக்கியமான வேலை அதற்கப்புறம்தான் இருக்கிறது. அடுத்த வகுப்பில் முதல் ஐந்து நிமிடம், இன்னது எழுதியிருக்கிறீர்கள், இதை மாற்றுகிறேன், இதை என்னால் மாற்ற முடியாது, காரணம் இது என்று சொல்லிவிட வேண்டும். முடியாததைச் சொல்லத்தான் நமக்கு வாய் வராது. ஆனால் அதைச் சொன்னால்தான் அடுத்த தடவை எழுதுவார்கள்.

எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொல்லுங்கள். கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசாங்கத்துக்கே தமிழில் எழுதலாம் என்று 1969 ஆட்சிமொழிச் சட்டமே இடம் கொடுத்தது. அரைத் தாளுக்கு என்ன தடை.

கோபாலபுரம் எண்பித்தன்:

ஐயா சொல்வது ஒரு வகுப்புக்கு சரி. ஆனால் போன வருடத்தைவிட இந்த வருடம் தேவலையா, ஒரு டிபார்ட்மென்ட் முழுக்க என்ன நிலை என்று பார்க்க அரைத் தாளால் ஆகாது. அதற்கு ஒரே கேள்விகளை வருடாவருடம் மாற்றாமல் கேட்க வேண்டும். டீச்சர் அதையும் நாலு கேள்வியாக வைத்துக்கொள்ளலாம். சராசரி மட்டும் போடாதீர்கள், எத்தனை பேர் எதில் டிக் அடித்தார்கள் என்று பிரித்துப் போடுங்கள். பாதிப் பேர் 1, பாதிப் பேர் 5 என்றாலும் சராசரி 3தான், எல்லாரும் 3 என்றாலும் 3தான்.

வேலந்தாவளம்காரி:

எல்லாருக்கும் நன்றி. சாக்பீஸ் சார் சொன்ன மாதிரி வியாழக்கிழமை முதல் வருட வகுப்பில் அரைத் தாள் கொடுத்தேன். 41 தாள். 17 தமிழில், மற்றது மலையாளம், இரண்டு மூன்று கலப்படம். சொல்லப்போனால் வயிறு கலங்கித்தான் பிரித்தேன்.

பஸ் எல்லாம் இல்லை, வார்த்தைதான் பிரச்சினை. டிமாண்டுக்கு மலையாளத்தில் 'சோதனம்' என்பார்கள். நான் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, சோதனம் என்று சொல்லிவிட்டு, தமிழ்ப் பிள்ளைகள் பக்கம் திரும்பி 'உங்களுக்குத் தெரியும்ல' என்று போய்க்கொண்டே இருந்திருக்கிறேன். ஐந்து வாரமாக. ஒன்பது பேர் அதை எழுதியிருக்கிறார்கள். அதில் ஒரு பிள்ளை, "சோதனம்னா டெஸ்ட்னு நினைச்சேன் மிஸ், விலை ஏறினா டெஸ்ட் ஏன் குறையுதுன்னு புரியல" என்று எழுதியிருந்தது. சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. தேவை என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்.

இன்னொரு தாள் மலையாளத்தில். டீச்சர் தமிழ்ப் பிள்ளைகளோடு தமிழில் ஏதோ சொல்லிச் சிரிக்கும்போது எங்களைப் பற்றியோ என்று தோன்றுகிறது, என்று. இது என் கண்ணில் படவே இல்லை.

வெள்ளிக்கிழமை முதல் ஐந்து நிமிடம் நின்று சொன்னேன். போர்டில் ஒவ்வொரு வார்த்தையும் இனி மூன்று மொழியிலும் இருக்கும், தமிழில் ஜோக் சொன்னால் மலையாளத்திலும் சொல்வேன், நன்றாக வராவிட்டாலும். முடியாதது என்று சொன்னது ஒன்று, கேள்வித்தாள் தமிழில் வராது, அது என் கையில் இல்லை. முகம் வாடியது, ஆனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எண்பித்தன் சொன்ன நாலு கேள்வியும் எழுதி வைத்திருக்கிறேன், அதில் பேப்பர் திரும்பி வந்ததா என்பது முதல் கேள்வி, அதற்கு முன்னால் நான் திருத்தாமல் வைத்திருக்கும் கட்டு ஒன்று இருக்கிறது.

பை சார்ட் அப்படியே ஃபைலில்தான் இருக்கிறது. அடுத்த அரைத் தாளுக்கு ஆபீஸில் பேப்பர் கேட்டேன், இன்டென்ட் எழுதி எச்ஓடி கையெழுத்து வாங்கி வரச் சொல்கிறார்கள். பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தை வெட்டிக்கொள்ளலாமா என்று பார்க்கிறேன்.