புதுப்பிப்பு: தள்ளுபடியில் வாங்கத் தகுந்த விளையாட்டு எது?

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையக் கடையின் கோடைத் தள்ளுபடியில் குறைந்த விலைக்கு எதை வாங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பலரும் பரிந்துரைத்த ‘போர்ட்டல் 2’ என்ற புதிர் விளையாட்டை வாங்கினேன். 2011இல் வந்தது, இன்றும் துளிகூடப் பழசாகத் தெரியவில்லை! தனியாக ஆடும் கதை போக, இருவர் சேர்ந்து ஆடுவதற்கென்றே அட்லஸ், பி-பாடி என்ற இரு ரோபோக்களுடன் வேறொரு பகுதி இருக்கிறது. தம்பி சுவரில் திறக்கும் வாசலுக்குள் நான் பாய்ந்து எதிர்ப்பக்கம் வெளியே வர வேண்டும். அவன் ஒரு நொடி பிந்தினாலும் புதிர் முதலிலிருந்து. கொடுத்த காசுக்கு இதைவிட என்ன வேண்டும்?

விலை விஷயம்: சதவீதத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஸ்டீம்டிபி தளத்தில் பழைய விலைகள் வரைபடமாகவே கிடைக்கின்றன. முன்பு இதைவிடக் குறைந்திருந்தால் விருப்பப்பட்டியலில் சேர்த்துவிட்டுக் காத்திருக்கலாம். பிடிக்காமல் போனாலும் கவலையில்லை. வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

அடுத்து ‘ஸ்டார்டியூ வேலி’ என்ற பண்ணை விளையாட்டு. இசை, ஓவியம், நிரல் என எல்லாவற்றையும் எரிக் பரோன் ஒருவரே உருவாக்கி 2016இல் வெளியிட்டார். அதற்கு முழு விலை கொடுக்கவும் எனக்குச் சம்மதம்தான்.