சிக்கன்குன்யாவுக்குப் பின் ஓடாத சைக்கிள்

கேள்வி (வெள்ளவத்தை, கொழும்பு):
காய்ச்சல் சில நாள்களில் இறங்கிவிட்டாலும், மூட்டுநோ மூன்று மாதமாகியும் விடவில்லை. விடியற்காலையில் மரைன் டிரைவ் வழியாகக் காலிமுகத்திடல் வரை சென்று திரும்பிய எனக்கு, இப்போது பிரேக்கை அழுத்தவே விரல்கள் மடங்குவதில்லை. விறாந்தையில் நிற்கும் சைக்கிளின் சங்கிலி கடற்காற்றில் துருவேறுவதைப் பார்ப்பதுதான் நோவைவிட வருத்துகிறது. இந்த இடைவெளியை எவ்வாறு கடந்தீர்கள்?

பதில் 1:
இந்நோயில் மூட்டுவலி மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. வீக்கமும் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நான் பத்து நிமிடத்தில் தொடங்கி, மறுநாள் காலையில் வலி கூடாதிருந்தால் மட்டுமே நேரத்தைக் கூட்டினேன். கடினமான கியரை அழுத்தி மிதிப்பதைவிட, இலகுவான கியரில் விரைவாக மிதிப்பது முழங்காலுக்குச் சுமை குறைவானது. இருக்கை தாழ்ந்திருந்தாலும் முழங்கால் நோகும். மிதி கீழே வரும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடிந்திருப்பதே பொருத்தம்.

பதில் 2:
பிரேக் பிடிக்க இயலாதவர் வீதிக்கு இறங்கவே கூடாது. (காலி வீதி பஸ்கள் நமக்காக நிற்பதில்லை.) நான் ஓடமுடியாத ஞாயிறுகளில், நண்பர்கள் ஓடி முடித்து வரும் நேரத்துக்குத் திடலுக்குச் சென்று, அவர்களோடு பிளேன்டீ குடித்தேன், முதல் வாரம் பொறாமையாகத்தான் இருந்தது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சங்கிலிக்கு இன்று எண்ணெய் விட்டேன். போத்தல் மூடியைத் திறந்து தந்தது மகள்.