இர்டாடம்ப்பில் வரி ஓடுது, போன்கிட்டேருந்து பதில் வரலை (நோக்கியா 6210)

ஈசூன்காரி | சனி, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட பழைய நோக்கியா 6210-இல் இருக்கிற குறுஞ்செய்திகளை எடுக்கணும். எல்லாம் அம்மா அவருக்கு அனுப்பினது. அம்மா 2015-இல் தவறிட்டாங்க. 2017 ஏப்ரலில் இங்கே சிங்கப்பூரில் 2ஜி நின்னதும் அப்பா வேற கைத்தொலைபேசிக்கு மாறினார். ஆனா இதைத் தூக்கிப் போடலை, அலமாரியில் வேட்டிக்கு நடுவில் வெச்சிருக்கார்.

சிம்மைக் கார்டு ரீடரில் போட்டுப் பார்த்தேன், நாலே நாலு செய்தி இருந்துச்சு. மீதி போன் நினைவகத்தில். இந்த மாடலில் புளூடூத் இல்லை. கேபிளுக்காக சிம் லிம் டவரில் கடை கடையா ஏறி இறங்கினேன், கிடைக்கலை. அகச்சிவப்பு ஒன்னுதான் வழி.

என் புது லேப்டாப் லினக்ஸில் அகச்சிவப்புக்கான ஆதரவே இல்லை. அதனால் அகச்சிவப்புச் சன்னல் உள்ள பழைய லேப்டாப் ஒன்னை இரவல் வாங்கி டெபியன் 8 போட்டேன். இர்டா-யூட்டில்ஸ் (அகச்சிவப்புக் கருவித் தொகுப்பு) நிறுவி, போர்ட்டை அகச்சிவப்போட இணைக்கிற இர்அட்டாச்சை டிடிஒய்எஸ்0-இல் (முதல் சீரியல் போர்ட்) மைனஸ் எஸ் போட்டு ஓடவிட்டேன். இன்னொரு டெர்மினலில் ரூட்டா (நிர்வாகி உரிமையோட) இர்டாடம்ப், அதாவது அகச்சிவப்பில் நடக்கிற பேச்சை வரி வரியாக் காட்டுற கருவி. இதுதான் வருது, மூணு செகண்டுக்கு ஒருமுறை (எக்ஸ்ஐடின்னா பக்கத்தில் யார் இருக்காங்கன்னு தேடுற அழைப்பு):

எக்ஸ்ஐடி:கமாண்ட் 32170645 > எஸ்=6 எஸ்=0 (14)
எக்ஸ்ஐடி:கமாண்ட் 32170645 > எஸ்=6 எஸ்=1 (14)

இப்படியே எஸ்=5 வரை, கடைசியில் எஸ்=* னு லேப்டாப் பேரோட ஒரு வரி. எக்ஸ்ஐடி:ரெஸ்பான்ஸ் ஒன்னுகூட இல்லை. போன் பழுதா? பேட்டரி சார்ஜரிலிருந்து எடுத்தா இருபது நிமிஷம்தான் தாங்குது, பயமா இருக்கு.

லினக்ஸ்_தம்பி | சனி, இரவு 9:40

அக்கா, புது லேப்டாப்பில் இல்லாதது உங்க தப்பில்லை. லினக்ஸோட மையப்பகுதியான கெர்னலில், 4.14 பதிப்பில் இர்டாவை (அகச்சிவப்பு இணைப்பு முறை) ஓரமா ஒதுக்கினாங்க, 4.17-இல், 2018-இல், முழுசா எடுத்துட்டாங்க. டெபியன் 8-இல் கெர்னல் 3.16, அதில் எல்லாம் இருக்கு.

போனில் மெனுவுக்குப் போய் அகச்சிவப்பை இயக்கினீங்களா? அது தானா எப்பவும் திறந்திருக்காது. இயக்கி ரெண்டு நிமிஷத்துக்குள்ள இணைப்பு வரலைன்னா அதுவே மூடிக்கும்.

ஈசூன்காரி | சனி, இரவு 9:58

இயக்கினேன் தம்பி. திரையில் குறி மின்னுது, ரெண்டு நிமிஷத்தில் போயிடுது. மூணு தடவை செஞ்சாச்சு. போனை மைலோ டின்மேல் சாய்ச்சு, லேப்டாப் சன்னலுக்கு நேரா ஒரு சாண் தூரத்தில் வெச்சிருக்கேன்.

பழைய_வயர்மேன் | சனி, இரவு 10:25

தங்கச்சி, போன்மேல் பழி போடறதுக்கு முன்னாடி ஒன்னு பார்க்கணும். இர்டாடம்ப்பில் "கமாண்ட்" வரி வந்தா வெளிச்சம் வெளியே போச்சுன்னு அர்த்தமில்லை. கெர்னல் அந்தச் சட்டகத்தை இடைமுகத்துக்குக் கொடுத்துச்சுங்கறது மட்டும்தான் அதில் தெரியும். எல்ஈடி செத்திருந்தாலும், தப்பான போர்ட்டைப் பிடிச்சிருந்தாலும் இதே வரிகள் இதே அழகா ஓடும். அந்தப் பக்கம் யாரோ கேட்டாங்கன்னு சொல்ல "ரெஸ்பான்ஸ்" ஒன்னுதான் சாட்சி. இந்தக் கருவியோட நிறைய பேர் ராத்திரி முழுக்க மல்லுக்கட்டுறது இதைப் புரிஞ்சுக்காமதான்.

வெளிச்சம் போகுதான்னு கண்ணால பார்க்கலாம். இந்த அகச்சிவப்பு 850-லிருந்து 900 நானோமீட்டர், நம்ம கண்ணுக்குத் தெரியாது, இப்போதைய போன் கேமராவுக்குத் தெரியும். பின் கேமராவில் பெரும்பாலும் வடிகட்டி இருக்கும், முன் கேமராவில் பாருங்க. முதலில் டிவி ரிமோட்டை அமுக்கி அந்தக் கேமராவுக்குத் தெரியுதான்னு உறுதி பண்ணுங்க. அப்புறம் அறை விளக்கை அணைச்சுட்டு லேப்டாப் சன்னலைப் பாருங்க. மூணு செகண்டுக்கு ஒருமுறை மங்கலா ஊதா நிறத்தில் துடிக்கணும்.

அந்த லேப்டாப்பில் பின்னால ஒன்பது ஊசி சீரியல் போர்ட் இருக்கா?

ஈசூன்காரி | சனி, இரவு 10:51

அண்ணே, ரிமோட் பளிச்சுனு ஊதாவா தெரியுது. லேப்டாப் சன்னல் இருட்டு. ஒரு துடிப்பும் இல்லை.

ஆமா, பின்னால ஒன்பது ஊசி போர்ட் இருக்கு.

பழைய_வயர்மேன் | சனி, இரவு 11:03

அதேதான். டிடிஒய்எஸ்0 அந்தப் பின்பக்கப் போர்ட். இவ்வளவு நேரம் நீங்க ஆளில்லாத ஊசியில கூப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. பயாஸுக்குள்ள (லேப்டாப் தொடங்கும்போது வர்ற அடிப்படை அமைப்பு) போய் அகச்சிவப்பு இயங்குதான்னு பாருங்க, பல இயந்திரங்களில் அணைச்சே வெச்சிருப்பாங்க. எஸ்ஐஆர் (மெதுவான சீரியல் அகச்சிவப்பு) முறை இருந்தா அதைத் தேர்ந்தெடுங்க. அப்புறம் டிடிஒய்எஸ்1-இல் (ரெண்டாவது போர்ட்) இர்அட்டாச்.

ஈசூன்காரி | ஞாயிறு, காலை 7:30

வந்துடுச்சு! பயாஸில் அணைஞ்சுதான் இருந்துச்சு. இப்போ கேமராவில் ஊதா துடிக்குது, இர்டாடம்ப்பில்:

எக்ஸ்ஐடி:ரெஸ்பான்ஸ் 32170645 < எஸ்=6 எஸ்=4 நோக்கியா 6210

அந்தப் பேரைப் பார்த்ததும் கண் கலங்கிடுச்சு. ஒரு சந்தேகம், பதில் ஒரு தடவை எஸ்=4-இல் வருது, அடுத்த தடவை எஸ்=1-இல் வருது. பிரச்சினையா?

அடுத்து கம்முவில் (போனிலிருந்து தரவு எடுக்கிற மென்பொருள்) இணைப்பை இர்டாஃபோநெட்னு வெச்சு அடையாளம் கேட்டா, இர்டாடம்ப்பில் எஸ்என்ஆர்எம் (இணைப்புக் கோரிக்கை) போகுது, யுஏ (சம்மதம்) வருது. பிறகு ஆர்ஆர்:கமாண்ட் ("நான் தயார்"னு சொல்ற வரி) மட்டும் திரும்பத் திரும்பப் போய், பத்துப் பன்னிரண்டு செகண்டில் இணைப்பு அறுந்துடுது.

லினக்ஸ்_தம்பி | ஞாயிறு, காலை 8:05

ரொம்ப சந்தோஷம் அக்கா. எஸ்=4, எஸ்=1 மாறுறது சரிதான். "ஆறு முறை கூப்பிடுவேன், ஏதாவது ஒன்னில் கை தூக்கு" ன்னு லேப்டாப் சொல்லுது, போன் தன் இஷ்டத்துக்கு ஒன்னைப் பிடிக்கும். பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு போன் இருந்தா ரெண்டும் ஒரே நேரத்தில் கத்தக் கூடாதுன்னுதான் அந்த ஏற்பாடு.

பன்னிரண்டு செகண்டுக்கும் காரணம் இருக்கு. எதிராளி அவ்வளவு நேரம் பேசலைன்னா கெர்னல் இணைப்பைக் கைவிட்டுடும்.

பழைய_வயர்மேன் | ஞாயிறு, காலை 8:20

யுஏ வரைக்கும் வந்து அதுக்கப்புறம் ஊமையானா வேகத்தைச் சந்தேகப்படணும். தேடுறதும், எஸ்என்ஆர்எம்மும், யுஏவும் 9600-இல் நடக்கும். யுஏ வந்த அடுத்த நொடி ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட வேகத்துக்குத் தாவுவாங்க. உங்க எஸ்என்ஆர்எம் வரியில் பாட் ரேட்னு (வேகம்) ஒரு பட்டியல் இருக்கும், அதில் 115200 இருக்கும் பாருங்க. மெதுவான வேகத்தில் பிழைக்கிற துடிப்பு அந்த வேகத்தில் அடிபடும். கண்ணாடி மங்கினாலும் ஆகும், காலை வெயில் நேரா விழுந்தாலும் ஆகும்.

உச்ச வேகத்தைக் குறைங்க. இர்அட்டாச்சை நிறுத்திட்டு, ரூட்டா 38400-ஐ இங்கே எழுதுங்க:

/ப்ரோக்/சிஸ்/நெட்/இர்டா/மேக்ஸ்_பாட்_ரேட்

திரும்ப ஓடவிட்டதும் எஸ்என்ஆர்எம் பட்டியல் 38400-ஓட நிக்கணும். நிக்கலைன்னா மாற்றம் ஏறலைன்னு அர்த்தம். ரெண்டு சன்னலையும் மெல்லிய துணியால துடைங்க, திரைச்சீலையை இழுத்து விடுங்க. சார்ஜரைச் செருகியே வையுங்க.

ஈசூன்காரி | ஞாயிறு, மதியம் 1:15

வந்துடுச்சு அண்ணே, தம்பி. 38400-இல் அறுபடவே இல்லை. போன் சன்னலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்துச்சு, அதையும் துடைச்சேன். முதலில் பேக்அப் எடுத்தேன், பிறகு எல்லாச் செய்தியையும் ஒரு கோப்பில் போட்டேன். ஐ-வரிகள் (தரவு வர்ற வரிகள்) மளமளன்னு ஓடுறதை இர்டாடம்ப்பில் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்.

மொத்தம் 86 செய்தி. "தேக்காவில் முருங்கைக்கீரை கிடைச்சா வாங்கிட்டு வாங்க." "மழை பெய்யுது, புளோக் கீழேயே நில்லுங்க, குடை கொண்டு வரேன்." எல்லாமே இப்படித்தான். நாலு பிரதி எடுத்தாச்சு. அப்பாவுக்குப் பெரிய எழுத்தில் அச்சடிச்சுக் கொடுக்கப் போறேன், அவருக்குத் திரையில் படிக்க இப்போ சிரமம்.

கடல்_முத்து | ஞாயிறு, மாலை 4:48

அக்கா, இழை முழுக்கப் படிச்சேன். என்கிட்டே அகச்சிவப்பு மட்டும் உள்ள பழைய டைவ் கணினி (கடலில் மூழ்கும்போது ஆழத்தையும் நேரத்தையும் பதியுற கருவி) ஒன்னு இருக்கு, உள்ளே பத்து வருஷ மூழ்கல் கணக்கு. அந்த லேப்டாப்பை ஒரு நாள் பயன்படுத்திக்கலாமா?

ஈசூன்காரி | ஞாயிறு, மாலை 5:10

இரவல் கொடுத்தவரிடம் கேட்டுட்டேன், சரின்னுட்டார். அடுத்த சனிக்கிழமை காலை பத்துக்கு மேல ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு வாங்க. பயாஸை மாற்றாம அப்படியே வெச்சிருக்கேன். டைவ் கணினிக்குப் புது பேட்டரி போட்டுக் கொண்டு வாங்க.