மறு: கணினிக்குள்ளேயே இருக்கும் பொதிக் களஞ்சியம், நல்ல சொல் வேண்டும்

குலசேகரத்திலிருந்து:

நண்பர்களே, பள்ளி ஆய்வகத்துக்கான லினக்ஸ் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஏழாம் பாடத்தில், பொதிகளை (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்களை) சொந்தக் கணினியிலேயே சேர்த்து வைக்கும் இடத்துக்கு ஒரே ஒரு சொல் வேண்டி நிற்கிறேன்.

இங்கே மழை பிடித்தால் இணையம் போய்விடும். அதனால் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லித் தருகிறேன். இணையம் இருக்கிற நாளில், மென்பொருளை நிறுவித் தரும் ஏபிடி என்ற கருவி இறக்கி வைத்த டெப் கோப்புகளை (ஒரு கோப்பு, ஒரு பொதி) எல்லாம் ஒரு அடைவில் (கோப்புறையில்) போடு. டிபிகேஜி-ஸ்கேன்பேக்கேஜஸ் கட்டளையை ஓட்டி 'பேக்கேஜஸ்' என்ற பட்டியலை உண்டாக்கு. அடைவின் பாதையை 'ஃபைல்:' என்று தொடங்கி ஏபிடி எங்கெங்கே தேட வேண்டும் என்று சொல்லும் ஸோர்சஸ்.லிஸ்ட் கோப்பில் ஒரு வரியாகச் சேர். கையொப்பம் இல்லை என்று ஏபிடி மறுக்கும், ஆகவே 'நம்பலாம்' என்பதையும் அதே வரியில் குறித்துவிடு. அப்புறம், அந்தப் பட்டியலை ஏபிடி படித்துக்கொள்ள ஒரு ஏபிடி அப்டேட். இனி இணையம் இல்லாமலே நிறுவலாம்.

இந்த அடைவுக்கு 'உள்ளூர் களஞ்சியம்' என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்த ஒன்பதாம் வகுப்பு மாணவி, "உள்ளூர்னா எந்த ஊர் சார்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு விடும் உள்ளூர் விடுமுறை குமரி மாவட்டம் முழுவதற்கும் அல்லவா! நான் சொல்வதோ மேசைமேல் இருக்கிற ஒரு பெட்டிக்குள் அடங்கியது. என்ன போடலாம்?

நாகர்கோவிலிலிருந்து:

தம்பி, முதலில் அது 'உள்ளூர்க் களஞ்சியம்'. ஒற்று மிகும்.

சொல்லை வள்ளுவர் எப்போதோ தந்துவிட்டார். 'அற்றார் அழிபசி தீர்த்தல் அஃதொருவன் பெற்றான் பொருள்வைப் புழி' (226). உழி என்றால் இடம், வைப்புழி என்றால் வைக்கும் இடம். 'ஒறுத்தாரை ஒன்றாக வையாரே வைப்பர் பொறுத்தாரைப் பொன்போற் பொதிந்து' (155) என்பதையும் பாருங்கள். வைப்பும் பொதியும் ஒரே குறளில் வருகின்றன. 'பொதிவைப்புழி' என்று போடுங்கள். சொந்தக் கணினியில் இருந்தால் 'அகவைப்புழி'. களஞ்சியம் ஏற்கெனவே கலைக்களஞ்சியத்துக்கும் நிரல் களஞ்சியத்துக்கும் உழைத்துக்கொண்டிருக்கிறது. அதன் தலையில் மூன்றாவது சுமை எதற்கு?

கொட்டாரத்திலிருந்து:

ஐயா, எங்கள் ஊர்ப் பெயரை ஏன் எடுக்கக் கூடாது? கொட்டாரம் என்பதற்குத் தானியக் களஞ்சியம் என்ற பொருளும் உண்டு. வடமொழியில் கோஷ்டாகாரம், பாலியில் கொட்டாகாரம், அதிலிருந்து கொட்டாரம். கோயிலில் கருவறைச் சுவரை ஒட்டித் தட்சிணாமூர்த்தி இருக்கிற மாடத்தைக் கோஷ்டம் என்கிறோமே, அதுவும் இந்தக் கோஷ்டம்தான் என்பது என் எண்ணம். பொருளைப் பத்திரமாக உள்ளே வைக்கிற அறை. நம் மண்ணிலேயே நிற்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் அலைய வேண்டும்?

நாகர்கோவிலிலிருந்து:

நீங்களே வடமொழி என்று சொல்லிவிட்டீர்கள். வைப்புழி கையில் இருக்கும்போது கடன் வாங்குவதை என்னால் ஏற்க முடியாது.

தக்கலையிலிருந்து:

அண்ணன்மாரே, பாடத்தைப் படிக்கப் போவது யார்? விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொட்டாரம் என்றால் அரண்மனை. நடந்து போகிற தூரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த நாம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். பேச்சில் மலையாளச் சொற்கள் இன்னமும் கூடவே இருக்கின்றன. வைப்புழியை வகுப்பில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், கடைசி வரிசையில் 'புளி' என்றுதான் கேட்கும். தனிமடலில் ஒருவர் 'சேகரம்' என்றார். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளைகளுக்கு அது பல சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவு.

பொதி இருக்கட்டும். வாட்டிய வாழையிலையில் சோறு, துவையல், பொரித்த மீன் எல்லாம் சேர்த்துக் கட்டிய பொதிச்சோறு சாப்பிடாத பிள்ளை இங்கே இல்லை. தேவையானது எல்லாம் ஒரே கட்டில் என்பது உடனே புரியும். களஞ்சியத்துக்குப் பதில் 'பத்தாயம்' என்பேன். எங்கள் பாட்டி வீட்டில் ஆள் உயரத்துக்கு ஒன்று இருந்தது. மேலே மூடியைத் திறந்து நெல்லைக் கொட்டுவோம், கீழே சின்ன வாய் வழியாக அள்ளுவோம். கடைக்கு ஓட வேண்டாம், வீட்டுக்குள்ளேயே நெல். 'பொதிப்பத்தாயம்'. 'உள்ளூர்' என்ற அடையே தேவைப்படாது.

குலசேகரத்திலிருந்து:

அண்ணே, பத்தாயம் எனக்கும் பிடித்துப்போனது. நேற்று மாலைவரை அதைத்தான் போடுவதாக இருந்தேன்.

நேற்று ஒரு பையன் புதிதாக ஒரு டெப் கோப்பைப் பென்டிரைவிலிருந்து அடைவில் நகலெடுத்தான். நிறுவச் சொன்னால், அப்படி ஒரு பொதியே இல்லை என்கிறது ஏபிடி. கோப்பு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. மூன்று முறை பெயரைத் தட்டிப் பார்த்தான், எழுத்துப் பிழை இல்லை. பட்டியலை மறுபடி உண்டாக்கவில்லை, அதுதான் விஷயம். அதை உண்டாக்கி அப்டேட் கொடுத்ததும் நிறுவிக்கொண்டது.

பத்தாயத்தில் கொட்டிய நெல், கொட்டியதுமே இருப்புதான். இங்கே கொட்டினால் மட்டும் போதாது, கணக்கில் ஏற்ற வேண்டும். சும்மா கிடக்கிற அடைவைக் களஞ்சியம் ஆக்குவது அந்தப் பட்டியல்தான். பத்தாயம் என்று சொல்லிக் கொடுத்தால் அந்தப் பையன் செய்ததை எல்லாரும் செய்வார்கள்.

நாகர்கோவிலிலிருந்து:

தம்பி, நீ என் கட்சிக்கே வந்துவிட்டாய். வங்கியில் வைப்பு என்றால் என்ன? கணக்கில் ஏறிய பணம். மேசையில் வைத்துவிட்டு வந்தால் அது வைப்பு ஆகாது. நீ தேடுகிற பொருள் வைப்புழிக்குள்ளேயே இருக்கிறது.

தக்கலையிலிருந்து:

பொருள் சரிதான் ஐயா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உழி என்றால் இடம் என்று முதலில் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் நடக்காது. களஞ்சியம் என்றால் யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். பத்தாயத்தை நானும் விட்டுவிடுகிறேன்.

கொட்டாரத்திலிருந்து:

களஞ்சியமே இருக்கட்டும். 'உள்ளூர்' மட்டும் வேண்டாம்.

குலசேகரத்திலிருந்து:

அனுப்பிவிட்டேன். 'தன்கணினிப் பொதிக் களஞ்சியம்' என்று போயிருக்கிறது. நீளம்தான். இரண்டாம் முறை வரும்போது வெறும் 'களஞ்சியம்'. 'புதுப் பொதி சேர்த்ததும் பட்டியலை மீண்டும் உண்டாக்கு' என்ற வரியைத் தடித்த எழுத்தில் தனிப் பெட்டியில் போட்டிருக்கிறேன். வைப்புழியைச் சொற்பட்டியலில் மாற்றுச் சொல்லாகச் சேர்த்துவிட்டேன் ஐயா.

நாகர்கோவிலிலிருந்து:

மாற்றுச் சொல்லாக மட்டும் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை, இது இங்கே பதிவாகட்டும். அடுத்த பதிப்பில் மறுபடி கேட்பேன். ஒன்பதாம் பாடத்தில் 'மிரர்' (ஒரு களஞ்சியத்தின் நகலை வைத்திருக்கும் வேறொரு வழங்கி) வருகிறதே, அதற்குச் சொல் இருக்கிறதா? கண்ணாடியைக் குறிக்கும் 'ஆடி' நல்ல தமிழ்.