புதுப்பிப்பு: தம்பியின் கணுக்கால் பிரேஸ், சென்சர் கட்டிப் பார்த்தாச்சு

போன கிழமை கேட்டிருந்தேன்: கரப்பந்து ஆடி வலது கணுக்கால் சுளுக்கின தம்பிக்கு நாடா கட்டுற பிரேஸ் (கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கிற உறை) நல்லதா, இரண்டு பக்கமும் தட்டு வைச்சது நல்லதா என்று. ஞாயிற்றுக்கிழமை கல்லடியில எங்கட முற்றத்துச் சிமெந்துத் தரையில சோதிச்சம்.

சுழற்சியை அளக்கிற சென்சர் இரண்டு: ஒன்று முழங்காலுக்குக் கீழே எலும்புக்கு மேல சேர்த்துக் கட்டினது, மற்றது சப்பாத்துக்கு மேல. இரண்டுக்கும் உள்ள கோண வித்தியாசம்தான் கணுக்கால் அசைவு. சுழற்சியைக் கூட்டிக் கூட்டிக் கோணம் எடுக்கிறதால பிழையும் சேர்ந்துகொண்டே போகும். அதனால ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் முன்னால அவனை அசையாம நிக்க வைச்சு, கோணத்தைத் திரும்பப் பூச்சியமாக்கினேன்.

முதல் பத்துப் பாய்ச்சலில நாடா பிரேஸ் பாதம் உட்பக்கம் பிரளுறதை நல்லாப் பிடிச்சது. வேர்த்து நாடா தளர்ந்ததும் அந்தப் பிரளலைக் காட்டுற வரைபடக் கோடு ஏறத் தொடங்கிற்று. இறுக்கிக் கட்டினதும் இறங்கிற்று! தட்டு வைச்சதில அந்த ஏற்றம் இல்லை. காலை வேணுமென்று பிரட்டிச் சோதிக்கேல்ல, நீங்களும் செய்யாதீங்க. இப்ப தட்டு பிரேஸோடதான் ஆடுறான்.