கேர்லிங் ஆடுறவங்களை நேரில் கண்டவங்க இருக்கீங்களா?

கல்லடி:
எங்கள் சின்னம்மாவின் மகன், கனடாவில் கலியாணம் முடித்த அண்ணன், போன ஆடியில் மனைவியோடும் மாமியோடும் வந்து நின்றார். மாமி வின்னிபெக்காரி, இளவயதிலிருந்து மாகாணப் போட்டிகளில் கேர்லிங் ஆடியவர். பனித்தரையில் கிரனைட் கல்லை வழுக்கவிட்டு வட்டத்துக்குள் நிறுத்தும் ஆட்டம்.

"கரம் போர்ட் மாதிரித்தானே?" என்று தம்பி கேட்டதும் மனுசிக்கு ரோசம் வந்துவிட்டது. கரத்தில் சுண்டினால் உன் வேலை முடிந்தது, இங்கே கல் கையை விட்ட பிறகுதான் அதுக்கு முன்னால் பனியைத் தேய்க்கிற மற்ற இரண்டு பேருக்கும் வேலையே என்று சொல்லி, மூலையில் நின்ற தும்புத்தடியை எடுத்தார். முழு உடம்பையும் தடியில் சாய்த்து விறாந்தைச் சீமெந்தைத் தேய் தேய் என்று தேய்த்தார். அறுபதைத் தாண்டியவர்! பனியின் மேல் தண்ணீரைத் துளித்துளியாகத் தெளித்து உறையவைப்பார்களாம். அந்தப் பருக்களைத் தேய்த்தால் கொஞ்சம் சூடேறி உராய்வு குறையும். கல் கூடத் தூரம் போகும், வளைவதும் குறையும்.

அம்மாவுக்கு இதெல்லாம் ஏறவில்லை. "சம்பளம் எவ்வளவாம் மனே?" என்று அண்ணனிடம் கேட்டார். சம்பளமா? மாமி வங்கியில் வேலை செய்தவர், போட்டிகளுக்கு லீவு போட்டுத்தான் போனாராம். பெரிய ஆட்களும் அப்படித்தான் என்று ஜெனிஃபர் ஜோன்ஸைச் சொன்னார். அதே வின்னிபெக்கில் பிறந்த வழக்கறிஞர். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் தங்கம் எடுத்த அணியின் தலைவி, அப்போது வயது 39. 47 வயதில் பெய்ஜிங்குக்கும் போனார், பதக்கம் இல்லை. நால்வர் அணி ஆட்டத்தை 2024இல்தான் விட்டார். நம்மட ஊரில் முப்பது தாண்டினாலே "இன்னும் பந்தடிச்சுத் திரியிறான்" என்பார்கள்.

காரைதீவு:
அப்ப முழங்கால் என்னத்துக்கு ஆகும்?

கல்லடி:
மாமிக்கு ஒரு முழங்கால் போயிட்டு. வழுக்கிப் போகும்போது உடம்புப் பாரம் முழுக்க மடக்கின காலில்தான்.

திருக்கோவில் (இப்ப சுவிஸ்):
நான் வேலை செய்யும் உணவகத்துக்குப் பக்கத்துக் கேர்லிங் கழகத்து ஆட்கள் ஆட்டம் முடிந்து வருவார்கள். வென்றவர்கள்தான் தோற்றவர்களுக்கு முதல் சுற்றுக் குடிவகை வாங்கிக் கொடுக்க வேண்டும். எனக்குப் பிடித்த வழக்கம். சுவிஸ் பெண்கள் அணியின் தலைவியாக ஆடிய சில்வானா டிரின்சோனி பேரை எடுத்தால் மேசையே சூடாகிவிடும். 2019, 2021, 2022, 2023 என்று உலகப் பட்டம் அவர் அணிக்குத்தான், 2020இல் கொரோனாவால் போட்டியே நடக்கவில்லை. ஆனால் கடைசிக் கல்லை விட்டது தலைவி இல்லை, அதே அணியின் அலினா பேட்ஸ். தன்னைவிட நல்லா விடுறவள் இருக்கிறாள் என்று அந்த இடத்தையே கொடுத்துவிட்டார், அதுக்குப் பெரிய மனசு வேணும்.

காரைதீவு:
சரி, கல் எத்தனை கிலோ? பொம்பிளைப் பிள்ளைகள் தூக்குவாங்களா?

திருக்கோவில் (இப்ப சுவிஸ்):
20 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, ஆண் பெண் எல்லாருக்கும் ஒரே கல். ஒலிம்பிக் கல்லுக்குக் கிரனைட் வருவது ஸ்கொட்லாந்தின் எய்ல்சா கிரேக் தீவிலிருந்து. தூக்குறது எங்க, தள்ளுறதுதான்.