1993ஆம் ஆண்டு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பிரின்ஸ் ஆஃப் பெர்சியா வெற்றிப் பட்டியலை மீட்க வழி உண்டா?

மேலவீதி:

எங்கள் வீட்டின் முதல் கணினியில் இருந்த ஹார்ட் டிஸ்க் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதிலிருந்து ஒரு சின்னக் கோப்பு மட்டும் வேண்டும். விவரம் முழுவதையும் எழுதிவிடுகிறேன், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

அப்பா தஞ்சாவூரில் தணிக்கை அலுவலகம் நடத்தி வந்தார். வீட்டின் முன்னறைதான் அலுவலகம். 1993 இறுதியில் ஒரு 486 வாங்கினார். 4 எம்பி நினைவகம், 14 அங்குல வண்ணத்திரை, இயங்குதளம் டாஸ் 6. பகலில் அதில் கணக்குப் போடும் மென்பொருளான லோட்டஸ் 1-2-3 ஓடும். இரவுச் சாப்பாடு முடிந்து அப்பா திண்ணைக்குப் போன பிறகு அது எங்களுடையது. செருப்பைக் கழற்றிவிட்டு, கை கழுவி, ஈரம் துடைத்த பிறகே விசைப்பலகையைத் தொடலாம் என்பது வீட்டுச் சட்டம். தெருப்பிள்ளைகளும் அதற்குக் கட்டுப்பட்டார்கள்.

டேஞ்சரஸ் டேவ், டிக்கர், பாராட்ரூப்பர் மூன்றும் ஒரே பிளாப்பியில் வந்து சேர்ந்தன. அவற்றை எல்லாரும் விளையாடினோம். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா மட்டும் வேறு வகை. அதற்கு 60 நிமிடம் கெடு. அதற்குள் சிறையிலிருந்து மேலேறி, வழியில் மறிக்கும் காவலர்களை வாளால் வென்று, இளவரசியை அடைய வேண்டும். முதல் நிலை முடிந்ததும் மருந்துக் குப்பிகள் வரிசையாக இருக்கும் ஓர் அறை வரும். கையேட்டில் இத்தனையாம் பக்கம், இத்தனையாம் வரி, இத்தனையாம் சொல்லின் முதல் எழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடிக்கச் சொல்லும். எங்களிடம் இருந்தது ஜெராக்ஸ் பிரதி. அது மடிப்பில் கிழிந்து போன பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. அக்கா எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்தாள்.

ஆட்டத்தை முடித்தவர் தம் பெயரைத் தட்டச்சிடலாம். மீதமிருந்த நேரத்தோடு அது வெற்றிப் பட்டியலில் ஏறும். எனக்கு வேண்டியது அந்தப் பட்டியல். முதலில் முடித்தது அக்காவா, எதிர்வீட்டு அண்ணனா என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. பொங்கலுக்கு இருவரும் ஊருக்கு வருகிறார்கள்.

இப்போதைய நிலை: மதர்போர்டில் இருந்த பேட்டரி கசிந்து செம்புத் தடங்களை அரித்துவிட்டதால் கணினியை எப்போதோ கழித்துவிட்டோம். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் அப்பா செய்தித்தாளில் சுற்றி பீரோவில் வைத்திருந்தார். 3.5 அங்குலம், 40 ஊசி கொண்ட பழைய ஐடிஇ இணைப்பு. மேல் அட்டையில் 1010 சிலிண்டர், 12 ஹெட், 55 செக்டார் என்று அச்சிட்டிருக்கிறது. தனி மின்சாரம் தரும் யுஎஸ்பி அடாப்டரில் இணைத்தேன். சீராகச் சுற்றுகிறது, உரசலோ தட்டும் ஓசையோ இல்லை. ஆனால் விண்டோஸ் 11 கொள்ளளவு எதையும் காட்டாமல், டிஸ்க்கை ‘இனிஷியலைஸ்’ செய்யவா என்று கேட்கிறது. எதையும் அழுத்தாமல் கழற்றி வைத்துவிட்டேன்.

கரும்பலகை:

இந்த விளையாட்டு உலாவியிலேயே ஓடுகிறதே. இதற்காகப் பழைய டிஸ்க்கோடு இவ்வளவு பாடு எதற்கு?

மேலவீதி:

விளையாட்டு எங்கும் கிடைக்கிறது, உண்மை. எங்கள் வீட்டில் யார் யார் முடித்தார்கள் என்பது இந்த ஒரு டிஸ்க்கைத் தவிர எங்கும் இல்லை. அது வேண்டும்.

செக்டார்63:

எதையும் அழுத்தாமல் கழற்றினீர்களே, நல்ல காரியம். ‘இனிஷியலைஸ்’, ‘ஃபார்மட்’ இரண்டையும் எந்தக் கட்டத்திலும் ஏற்காதீர்கள். முன்னது டிஸ்க்கின் முதல் செக்டாரில் இருக்கும் பகிர்வு அட்டவணையின் மேல் எழுதிவிடும்.

உங்கள் டிஸ்க் கெட்டிருப்பதாக நான் நினைக்கவில்லை. அட்டையில் உள்ள மூன்று எண்களையும் பெருக்கினால் 6,66,600 செக்டார். ஒன்றுக்கு 512 பைட் வீதம் ஏறத்தாழ 341 எம்பி. அந்தக் காலத்து டிஸ்க்குகள் பலவற்றுக்கு சிலிண்டர், ஹெட், செக்டார் என்று மூன்று எண்களால் இடத்தைச் சொன்னால்தான் புரியும். எல்லா செக்டாருக்கும் ஒரே தொடர் எண் கொடுக்கும் எல்பிஏ முறை பின்னர்தான் பரவலானது. இன்றைய யுஎஸ்பி அடாப்டர்களோ தொடர் எண்ணை மட்டுமே கேட்கும். டிஸ்க்குக்குக் கேள்வி புரியவில்லை, அடாப்டருக்குப் பதில் வரவில்லை. வேறு அடாப்டர் வாங்கினாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

தேவைப்படுவது ஐடிஇ இணைப்பு நேராக உள்ள பழைய மதர்போர்டு. பென்டியம் 3 காலத்தது போதும். டிஸ்க்கைத் தனி கேபிளில் மாஸ்டராக இணையுங்கள். ஜம்பர் (ஊசிகளை இணைக்கும் சிறு மூடி) எங்கே இருக்க வேண்டும் என்ற படம் அட்டையிலேயே இருக்கும். கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்புத் திரையில் ஆட்டோ டிடெக்ட் கொடுத்து, வரும் எண்கள் அட்டையோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். முறை ‘எல்பிஏ’ அல்ல, ‘நார்மல்’. பிறகு குறுந்தகட்டிலிருந்து லினக்ஸைத் தொடங்கி, டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருள் கொண்டு டிஸ்க் முழுவதையும் ஒரே இமேஜ் கோப்பாக நகலெடுங்கள். அந்த மதர்போர்டின் யுஎஸ்பி மெதுவாகத்தான் ஓடும். 341 எம்பிக்கு அது போதும்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன். கோப்பைத் தேடி டிஸ்க்கின் உள்ளே அலையாதீர்கள். முப்பது ஆண்டு கடந்த டிஸ்க் இன்று சுற்றுகிறது, நாளையும் சுற்றும் என்று நம்ப இடமில்லை. முதலில் முழு நகல். தேடுவதையெல்லாம் நகலில் செய்யலாம்.

பழுதுபார்ப்பவர்:

சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் விசாரியுங்கள். தஞ்சாவூரிலேயே தேடுவதானால், பழைய டிடிபி நிலையங்களிலும் தட்டச்சுப் பயிலகங்களிலும் கேட்டுப் பாருங்கள். பரணில் ஒரு பென்டியம் 3 கிடக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கிடைத்தவுடன் சுவிட்சைப் போட்டுவிட வேண்டாம். பல ஆண்டு ஓடாத பவர் சப்ளையில் கெப்பாசிட்டர்கள் உப்பியிருக்கலாம். நல்ல நிலையில் உள்ள வேறு பவர் சப்ளையை மாட்டி, உங்கள் டிஸ்க்கை இணைக்காமல் முதலில் ஓட்டிப் பாருங்கள். நாணய வடிவ பேட்டரியைப் புதிதாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் பயாஸில் எழுதியது ஒவ்வொரு முறையும் அழிந்துபோகும். பழைய திரையும் சேர்ந்து வந்தால் அதன் பின்மூடியைத் திறக்காதீர்கள். மின் இணைப்பை எடுத்த பிறகும் படக்குழாயில் உயர் அழுத்த மின்சாரம் தங்கியிருக்கும்.

நெய்தல்:

இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். எங்கள் முதல் கணினியின் 5.25 அங்குல பிளாப்பிகள் ஒரு பெட்டி நிறைய நாகப்பட்டினத்தில் இருக்கின்றன. ஓட்டை வழியே பார்த்தால் பூஞ்சை தெரிகிறது. டிக்கர் விளையாட்டின் பிரதி அதில்தான் உள்ளது. டிரைவில் போட்டுப் பார்க்கலாமா?

செக்டார்63:

போடாதீர்கள், நெய்தல். பூஞ்சையோடு சுற்றினால் டிரைவின் தலை காந்தப் பூச்சைச் சுரண்டிவிடும், அந்த அழுக்கு அடுத்த பிளாப்பியையும் கெடுக்கும். யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் 3.5 அங்குலத்துக்கு மட்டுமே. உங்களுக்குப் பழைய 5.25 அங்குல டிரைவும் கிரீஸ்வீசில் போன்ற பலகையும் தேவை. அது காந்தத் தடத்தை அப்படியே பதிவுசெய்யும். சுத்தம் செய்வது தனிக்கதை, படங்களோடு தனி இழை தொடங்குங்கள்.

டிக்கருக்கு மட்டும் பிளாப்பியை நம்பியிருக்க வேண்டாம். 1983இல் வந்த அந்த விளையாட்டு 4.77 மெகாஹெர்ட்ஸ் கணினியின் வேகத்தை நம்பி எழுதப்பட்டது. வேகமான கணினியில் கண் இமைப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். 486 பெட்டிகளின் முகப்பில் இருந்த டர்போ பொத்தான் வேகத்தைக் குறைக்கத்தான் எங்களுக்குப் பயன்பட்டது. இன்று டாஸ் விளையாட்டுகளை ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் கண்ட்ரோலோடு எஃப்11 அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும்.

மேலவீதி:

உங்கள் வழி பலித்தது. பழைய டிடிபி நிலையம் ஒன்றில் மதர்போர்டு கிடைத்தது, உரிமையாளர் காசு வாங்க மறுத்துவிட்டார். பயாஸில் எண்கள் அட்டையோடு அப்படியே பொருந்தின. படிக்க முடியாமல் போனவை விரல்விட்டு எண்ணும் அளவு செக்டார்கள்தாம். இமேஜ் கையில் இருக்கிறது.

ஆனால் திறந்து பார்த்தால் கோப்புறை எதுவும் இல்லை. டாஸின் தொடக்கக் கோப்புகள் மூன்று நான்கும், ‘டபிள்ஸ்பேஸ்’ என்று தொடங்கும் பெயரில் டிஸ்க்கை ஏறக்குறைய நிறைத்துக்கொண்டு ஒரே ஒரு மறைகோப்பும் இருக்கின்றன. மற்றதெல்லாம் அழிந்துவிட்டதா?

செக்டார்63:

எதுவும் அழியவில்லை. அந்த ஒற்றைக் கோப்புதான் உங்கள் பழைய சி டிரைவ். 1993இல் வந்த டாஸ் 6 உடன் டபிள்ஸ்பேஸ் என்ற சுருக்கும் வசதி இருந்தது. டிஸ்க் விலை எட்டாத காலம் என்பதால் பலரும் பயன்படுத்தினார்கள், உங்கள் அப்பாவின் கணக்குகளுக்கும் இடம் போதாமல் போயிருக்கும். எல்லாக் கோப்புகளையும் சுருக்கி ஒரே மூட்டையாகக் கட்டி, கணினி தொடங்கும்போது அந்த மூட்டையை சி டிரைவாகக் காட்டும். காப்புரிமை வழக்கில் தோற்ற பிறகு, 1994இல் 6.21 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் அதை நீக்கியது, 6.22இல் டிரைவ்ஸ்பேஸ் என்று வேறொன்றைக் கொடுத்தது.

இன்றைய விண்டோஸுக்கு இந்த மூட்டையை அவிழ்க்கத் தெரியாது. அவிழ்க்கத் தெரிந்த டாஸ் அந்த இமேஜிலேயே இருக்கிறது. எனவே கணினியையே மறுபடி எழுப்புங்கள். 86பாக்ஸ் என்ற மென்பொருள் முழு 486ஐயும் திரையில் உருவாக்கும். ஒரு 486 மதர்போர்டைத் தேர்ந்தெடுத்து, இமேஜின் நகலை அதே 1010, 12, 55 எண்களோடு ஹார்ட் டிஸ்க்காகக் கொடுத்து ஓட்டுங்கள். டாஸ் தொடங்கும்போது மூட்டை தானே அவிழும். வெற்றிப் பட்டியல் இருப்பது பிரின்ஸ் என்ற பெயரும் எச்ஓஎஃப் என்ற பின்னொட்டும் கொண்ட கோப்பில். அதே பெயரில் எஸ்ஏவி பின்னொட்டோடு ஒன்று இருந்தால் அது பாதியில் சேமித்த ஆட்டம். வெற்று பிளாப்பி இமேஜ் ஒன்றை ஏ டிரைவில் வைத்து இரண்டையும் அதற்குள் நகலெடுத்தால் வெளியே எடுத்துவிடலாம்.

பழுதுபார்ப்பவர்:

மேலே கரும்பலகை கேட்ட கேள்விக்கு என் பதிலையும் சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டை ஜோர்டன் மெக்னர் ஆப்பிள் 2 கணினியில் எழுதி 1989இல் வெளியிட்டார். இளவரசனின் ஓட்டமும் தாவலும் அவருடைய தம்பி ஓடித் தாவியதைக் காணொளியில் பிடித்து, ஃபிரேம் ஃபிரேமாக வரைந்தவை. அதன் மூலநிரல் அவர் கையிலேயே பல ஆண்டுகள் இல்லை. 2012இல் அவருடைய அப்பா வீட்டில் ஒரு பெட்டியைத் திறந்தபோது பழைய பிளாப்பிகள் அகப்பட்டன. தெரிந்தவர்கள் துணையோடு அவற்றைப் படித்து, நிரலை எல்லாரும் பார்க்க வெளியிட்டார். உருவாக்கியவருக்கே அப்பா பீரோவும் பெட்டியும்தான் கைகொடுத்தன. வீட்டில் பழைய டிஸ்க் வைத்திருப்பவர்கள் எடைக்குப் போடும் முன் ஒருமுறை நகலெடுங்கள்.

மேலவீதி:

கிடைத்துவிட்டது! டாஸ் எழுந்து, அப்பா எழுதிவைத்த மெனு வந்தது: 1 கணக்கு, 2 கடிதம், 3 விளையாட்டு. மூன்றை அழுத்தினேன்.

பட்டியலில் நான்கு வரிகள். எதிர்வீட்டு அண்ணன் 11 நிமிட மீதத்தோடு முதலில். அடுத்த இரண்டும் அக்கா, 6 நிமிடம், 3 நிமிடம். நான்காவது பெயரை நான் எதிர்பார்க்கவே இல்லை. அப்பாவின் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவர், 1 நிமிடம். அவர் விளையாடி நாங்கள் பார்த்ததே இல்லை. மதிய நேரத்தில் அப்பா உறங்கும்போது விளையாடியிருப்பார் என்று அம்மா சொல்கிறார். கும்பகோணத்தில் இருக்கிறாராம், பொங்கலுக்கு அவரையும் அழைக்கப்போகிறோம்.

சேமித்த ஆட்டமும் இருக்கிறது. ஒன்பதாம் நிலை, 17 நிமிடம் மீதம்.

கடைசியாக ஒன்று. அண்ணன் பெயர் மேலே இருப்பதால் அவர்தான் முதலில் முடித்தார் என்று ஆகிவிடுமா? அக்கா தொலைபேசியில் ஒப்புக்கொள்ள மறுக்கிறாள்.

செக்டார்63:

அக்கா மறுப்பது நியாயமே. பட்டியல் மீதமிருந்த நேரத்தின்படி அடுக்கப்படுகிறது. யார் எந்த நாளில் முடித்தார் என்பதை விளையாட்டு எழுதிவைப்பதில்லை. கோப்பில் தெரியும் தேதி கடைசி முறை அது எழுதப்பட்ட நாள், அதாவது நால்வரில் கடைசியாகப் பட்டியலில் ஏறியவரின் நாள். பழைய பதிப்பின் சுவடு காலி இடத்தில் தங்கியிருக்கலாம்; ஆனால் டபிள்ஸ்பேஸ் சுருக்கிய டிஸ்க்கில் அதைத் தேடி எடுப்பது மிகக் கடினம். நானாக இருந்தால் முயல மாட்டேன். அண்ணன் வேகமாக முடித்தார், அக்கா இரண்டு முறை முடித்தார். கோப்பு இவ்வளவுதான் சொல்கிறது.

சேமித்த ஆட்டம் மொத்தமே 8 பைட்தான். மீதி நிமிடம், அந்த நிமிடத்தின் சிறு கூறு, நிலை, உயிர் எண்ணிக்கை ஆகிய நான்கு எண்கள். டாஸ்பாக்ஸில் விளையாட்டைத் திறந்து தலைப்புத் திரையில் கண்ட்ரோலோடு எல் அழுத்தினால் அந்த ஒன்பதாம் நிலையிலிருந்தே தொடரலாம். பட்டியலில் ஆறு பேருக்குத்தான் இடம் உண்டு. பொங்கலன்று மூன்று பேர் நன்றாக விளையாடி முடித்தால் 1 நிமிட வரி வெளியே தள்ளப்படும். அதனால் மூலக் கோப்புகளை வேறு இடத்தில் வைத்துவிட்டு, நகலில் விளையாடுங்கள்.